‘தூண்டப்பட்ட சளி’யை யார் தூண்டியது?

அனைவருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘இண்டியூஸ்டு ஸ்பூட்டம்’ (சளி தானாக வராதவரை உப்புநீரை மூச்சில் இழுக்கவைத்து எடுக்கும் சளி) வந்ததும் நின்றுவிட்டேன். ‘தூண்டப்பட்ட சளி’ என்று போட்டால், தட்டச்சு செய்யும் பெண் “சளியை யார் சார் தூண்டிவிட்டது?” என்று கேட்கிறார். ‘ஆவிச்சளி’ அல்லது ‘தூண்டு கோழை’ சரிவருமா?

ரா.

*

ஐயா, வணக்கம்.

கோழை வேண்டாம். நல்ல சொல்தான், ஆனால் எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரிந்தது ‘சளிப் பரிசோதனை’. “கோழையைக் கொடுங்கள்” என்றால் நோயாளி என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

யாருக்கு இதைச் செய்கிறோம் என்று பாருங்கள். சிடி4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே; மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுகிறது; பிடிக்க ஆள் இல்லாமல் நடக்க முடியவில்லை. நிமோனியாதான், ஆனால் எதனால்? வழக்கமான பாக்டீரியாவா, காசநோயா, நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையா? இரண்டு சேர்ந்தும் இருக்கும். காசநோய்க்காவது சிறுநீரில் பார்க்கும் எல்.ஏ.எம். சோதனை உண்டு. இந்தப் பூஞ்சையோ வழக்கமான ஆய்வகத்தில் வளராது. எக்ஸ்ரே சில சமயம் சுத்தமாகவே இருக்கும். நுண்ணோக்கியிலோ பிசிஆரிலோ பார்க்கச் சளி வேண்டும். ஆனால் வருவது வறட்டு இருமல், துப்ப ஒன்றும் இராது. அதனால்தான் 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைத்து இழுக்கச் சொல்லி, சளியை வரவழைக்கிறோம்.

வாந்தியை வரவழைப்பது என்று நாமே சொல்கிறோமே, அதே வினைதான். என் ஓட்டு ‘வரவழைத்த சளி’க்கு.

‘ஆவிச்சளி’ அழகாக இருக்கிறது, ஆனால் ஆபத்து. ஆவி என்றதும் போர்வையை மூடிக்கொண்டு நொச்சி இலை ஆவி பிடிக்கப் போய்விடுவார்கள்.

*

டாக்டர் அம்மா, நன்றி. ஒரு சின்ன சந்தேகம். நோயாளிக்குத்தான் எல்லாம் சளி ஆயிற்றே, ‘வரவழைத்த’ என்ற அடைமொழி எதற்கு? படிவத்தில் இடம் வேறு குறைவு. வெறும் ‘சளி’ போதாதா?

ரா.

*

போதாது ஐயா. அந்த அடைமொழி ஆய்வகத்துக்கு. இப்படி எடுக்கும் சளி தண்ணீராக, எச்சில் மாதிரியே இருக்கும். டப்பாவில் ‘சளி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், “எச்சில் வந்திருக்கிறது, மறுபடி எடுங்கள்” என்று கீழே கொட்டிவிட வாய்ப்புண்டு. மூச்சுக்குத் தவிக்கிறவரை மறுபடி உப்புநீர் இழுக்கச் சொல்வது எளிதில்லை. மூச்சுக்குழல் இறுகி ஆக்சிஜன் இன்னும் இறங்கலாம். ரொம்ப மோசமாக இருப்பவருக்கு நாங்கள் சளிக்காகக் காத்திருப்பதே இல்லை. இந்தப் பூஞ்சைக்கான மருந்து கோட்ரைமாக்சசோலை முதலில் தொடங்கிவிடுவோம். மருந்து தொடங்கிச் சில நாள் கழித்து எடுத்தாலும் பூஞ்சை தென்படும்.

இடம் குறைவு என்றால் ‘வ.ச.’ என்று சுருக்கிவிடாதீர்கள். ‘வறட்டுச் சளி’ என்று யாராவது படித்துவைப்பார்கள்.

மீ.