பரண் இடுக்குகளை அடைத்த பிறகுதான் வீடு வீடானது: உங்கள் அனுபவம் என்ன?

ஏற்காடு, நாகலூர் சாலை

எங்கள் வீடு தாத்தா கட்டியது. மங்களூர் ஓடு, மரக் கைகள், அவற்றுக்குக் கீழே பலகை அடித்த மச்சு. மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஆள் குனிந்து நடக்கும் உயரத்தில் ஒரு பரண். காப்பிக் கோணிகளும் நான் படுத்த தொட்டிலும் அங்கேதான் கிடக்கின்றன.

கார்த்திகை பிறந்துவிட்டால் அம்மாவுக்கு மூட்டு வலி தொடங்கிவிடும். சேலத்தில் மின்விசிறி ஓடுகிற இரவில், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்கு இரண்டு கம்பளி வேண்டும். மார்கழி முழுவதும் 2,000 வாட் ஹீட்டரை ஓட்டினேன். மணிக்கு இரண்டு யூனிட். அப்படியும் அம்மா, "முகம் எரிகிறது, கால் விறைக்கிறது" என்பார். கதவுக்கு அடியில் துணி சுருட்டி வைத்தேன், ஜன்னல் சட்டங்களுக்கு நாடா ஒட்டினேன். காலடியில் ஊர்ந்து வரும் குளிர்காற்று நிற்கவே இல்லை.

கீழிருந்து ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்து வந்தேன். மச்சுப் பலகைமேல் நான்கு அங்குலக் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு விரித்துத் தந்துவிட்டுப் போனார். கணிசமான பணம். அடுத்த மார்கழியிலும் அதே குளிர். தொலைபேசியில் கேட்டபோது, "இன்னொரு அடுக்குப் போடலாம்" என்றார். போடாமல் விட்டதற்காக இன்று மகிழ்கிறேன்.

உண்மையைக் காட்டியவர் உடைந்த ஓடு மாற்ற வந்த ஆசாரி. பரணில் நின்று அந்தப் பஞ்சின் ஒரு மூலையைத் தூக்கி, "தம்பி, இதைப் பாருங்கள்" என்றார். மஞ்சள் பஞ்சின் அடிப்பக்கத்தில் நீளநீளமாகக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் கீழே இருக்கும் பலகைகளின் இணைப்புக்கு நேர் மேலே ஓடியது. வீட்டுக்குள்ளிருந்து மேலே போன காற்று விட்டுச் சென்ற அழுக்கு அது. பஞ்சு வடிகட்டியைப் போல் தூசியைப் பிடித்துக்கொண்டு, சூட்டைப் போக விட்டிருக்கிறது. தனக்குள் இருக்கும் காற்று அசையாமல் நின்றால்தான் பஞ்சு குளிரைத் தடுக்கும். காற்று ஊடே புகுந்து போனால் எத்தனை அங்குலம் போட்டாலும் பயனில்லை.

அன்று இரவு கீழே எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, பஞ்சைச் சுருட்டி ஒதுக்கி, பரணில் டார்ச்சை அணைத்தேன். இருட்டு கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆனது. பிறகு தரை முழுவதும் வெளிச்சக் கோடுகள் தோன்றின. மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஒரு வளையம். மின்கம்பிக் குழாய் இறங்கும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. சுவரின் தலையும் மச்சும் சேரும் இடத்தில், அறையின் நீளத்துக்கு ஒரே ஒளிக்கீற்று. இத்தனை காலம் ஜன்னலைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஊதுவத்தி ஏற்றி ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். கொக்கிக்குக் கீழே பிடித்தபோது புகை நூல் பிடித்தாற்போல் மேலே இழுபட்டு ஓட்டைக்குள் மறைந்தது. கதவின் அடியில் வைத்தால் புகை அறைக்குள் சாய்ந்தது. இரண்டும் ஒரே காற்றின் தலையும் வாலும் என்று அப்போதுதான் புரிந்தது. சூடான காற்று மேலே ஏறித் தப்புகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியே இருக்கும் குளிர்காற்று கீழ்வழியாக உள்ளே வருகிறது. வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும்.

பரணுக்கு ஏறும் பலகைக் கதவு இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம். நான்கு பக்கமும் கால் அங்குல இடைவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுற்றளவு 108 அங்குலம், இடைவெளி மொத்தம் 27 சதுர அங்குலம். மச்சில் ஐந்து அங்குலச் சதுரத்துக்கும் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஹீட்டரை ஓட்டியிருக்கிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. பலகை இணைப்புகளில் முதலில் லப்பம் வைத்தேன், அது தவறு. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தோடு சேர்ந்து லப்பம் அசையாது, பங்குனியிலேயே வெடித்துவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு, வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பசையை வைத்தேன். அகலமான இடுக்குகளில் முதலில் நுரைக் கயிற்றைத் திணித்து அதன்மேல் பசை. சுவர்த் தலைக்கு டப்பாவில் வரும் நுரை. ஏறு கதவின் விளிம்புக்கு ரப்பர் நாடா, மேல்பக்கத்தில் தெர்மாகோல் பலகை, இறுக்கிப் பிடிக்க இரண்டு கொண்டி. எல்லாம் காய்ந்த பிறகு அதே பழைய பஞ்சை மறுபடி விரித்தேன். முகத்தை மூடிக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். பஞ்சின் அரிப்பு இரண்டு நாள் போகாது. குறுக்குச் சட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும், வெறும் பலகையில் வைத்தால் கீழே கூடத்தில் இறங்கிவிடுவீர்கள்.

ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளை நான் தொடவில்லை. ஆசாரி கண்டிப்பாகச் சொன்னார்: ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே காற்று உலவ வேண்டும். நம் ஊர் மூடுபனி ஈரம் அந்த வழியாகத்தான் காயும். அதையும் அடைத்தால் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் உளுத்துவிடும். அடைக்க வேண்டியது மச்சு, கூரை அல்ல.

சென்ற மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே 12 டிகிரி இருந்த நாட்களில் அம்மாவின் அறை 17, 18 காட்டியது. அதற்கு முன் 14ஐத் தாண்டியதில்லை. ஹீட்டரைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும் என்றாகிவிட்டது. கதவின் அடியில் சுருட்டி வைத்த துணியை எடுத்துவிட்டேன். அங்கே இப்போது காற்றே இல்லை.

உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

சேலம், செவ்வாய்ப்பேட்டை

அண்ணா, எங்களுக்குக் குளிர் ஏது, எங்கள் துன்பம் சித்திரை வெயில். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டைத் தலைகீழாகப் பார்த்ததுபோல் இருந்தது.

மாடியில் ஓட்டுக் கூரை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு, பன்னிரண்டு குழிவிளக்குகள் பதித்து, ஏசி வைத்தோம். மதியம் ஏசி நிற்காமல் ஓடும், அறை குளிராது. விளக்குகளைச் சுற்றி மட்டும் சீலிங் கருத்துக்கொண்டே வந்தது. விளக்கின் சூட்டால்தான் என்று பெயின்டர் சொன்னார். இரண்டு முறை வெள்ளை அடித்தோம், இரண்டு முறையும் கருத்தது. அதோடு ஒரு நாற்றம். பழைய வீடு, ஓட்டுக்கு அடியில் வௌவால் தங்கிப் போட்ட எச்சத்தின் நாற்றம். சாம்பிராணி போட்டும் போகவில்லை.

குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கிக் கதவிடுக்கு வழியாகப் போய்விடும். அந்த இடத்துக்கு மேலே வெந்துகிடக்கும் காற்று விளக்கு ஓட்டைகள் வழியாக இறங்கும் என்று என் தம்பி விளக்கினான். நாற்றமும் தூசியும் அதோடு வந்தவைதான். ஒரு விளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்கு அருகே உள்ளங்கையை நீட்டினேன். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வரும் ஆவிபோல் முகத்தில் அடித்தது.

வௌவால்கள் போய்விட்டனவா என்று ஒரு வாரம் அந்தி நேரத்தில் நின்று பார்த்து உறுதி செய்துகொண்டு, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளினோம். உலர்ந்த தூளாக மூச்சில் போகக் கூடாது, நுரையீரலுக்குக் கேடு. பழைய ஹாலஜன் விளக்குகளை எடுத்துவிட்டு, பின்பக்கம் மூடிய எல்இடி விளக்குகளை ரப்பர் வளையத்தோடு மாட்டினோம். ஹாலஜன் இருந்தால் அதன்மேல் எதையும் போட்டு மூடிவிடாதீர்கள், அது கொதிக்கும். ஏசி இப்போது நின்று நின்று ஓடுகிறது. சீலிங் இந்த ஆண்டு கருக்கவில்லை. நாற்றம் போன நாளில் என் மாமியார் அறைக்குள் வந்து இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பாயை அங்கேயே விரித்தார்.

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். என் மகன் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறான். ஒரு ஜனவரி முழுவதும் அவனோடு தங்கினேன். வெளியே சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி.

அவன் வீட்டுக் கூரை விளிம்பில் பனி கண்ணாடிச் சரமாகத் தொங்கியது. நான் ரசித்துப் படம் எடுத்தேன். அவன் முகம் வாடியது. "அப்பா, அது நம் வீட்டுச் சூடு கூரை வழியாகப் போவதற்கு அடையாளம்" என்றான். பரணுக்குள் கசியும் சூடு கூரையின் பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் விளிம்பில் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கிறது. பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டின் அடியில் புகுந்து சுவருக்குள் இறங்குகிறது. எதிர்வீட்டுக் கூரையில் பனி வெள்ளைப் போர்வையாகச் சீராகக் கிடந்தது. எங்கள் கூரையில் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது.

சோதனைக்கு வந்தவர்கள் வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளி, வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைக்கிறது. அப்போது ஒவ்வோர் ஓட்டையிலும் காற்று கையில் தெரியும்படி சீறுகிறது. ஓட்டைகள் இருந்தது பெரும்பாலும் பரண் தரையில்: கழிவறைக் காற்றுக் குழாயைச் சுற்றி, மின்கம்பிகள் இறங்கும் துளைகளில், உள்சுவர்களின் தலையில். எல்லாவற்றையும் அடைத்த பிறகுதான், தூளாக்கிய காகிதப் பஞ்சைக் கூடுதலாகக் கொட்டினார்கள். முதலில் அடைப்பு, பிறகு பஞ்சு. அந்த நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமும், இடுக்குகளை அடைத்துப் பஞ்சும் போட்டால் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவில் சராசரியாக 15 சதவீதம் மிஞ்சும் என்கிறது. அவர்களுடைய வீடுகளுக்கான கணக்கு அது. நம் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து வாழ்கிறோம், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வரிசை மட்டும் நமக்கும் அதேதான்.

ஏற்காடு, மஞ்சக்குட்டைப் பக்கம்

எஸ்டேட் வீட்டில் வளர்ந்தவள் நான். இதை எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

நாங்களும் இதேபோல் எல்லா இடுக்கையும் அடைத்தோம். உற்சாகத்தில் குளியலறையின் காற்று ஜாலியையும் பலகை வைத்து மூடிவிட்டார் என் கணவர். அந்தக் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது. நான்காம் நாள் என் நாத்தனார் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தோம். சுவரோரம் சரிந்து கிடந்தாள். திண்ணைக்குத் தூக்கி வந்து போட்டோம், காற்றுப் பட்டுக் கண் விழித்தாள். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று நலமாக இருக்கிறாள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ், விறகு, கரி எது எரிந்தாலும் காற்று போதாத இடத்தில் அது உண்டாகும். கணப்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துப் படுக்கும் வழக்கம் நம் மலையில் இன்னும் இருக்கிறது. பழைய வீட்டின் ஓட்டைகள்தான் இத்தனை நாள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. அடைத்த வீட்டில் அதைச் செய்யாதீர்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். நாங்கள் அன்றே மாற்றினோம், ஜாலியையும் திறந்துவிட்டோம்.

புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளியில் டப்பா நுரையை அடிக்காதீர்கள், அது தீப்பிடிக்கும். தகரத் தகடு வெட்டிப் பொருத்தி, விளிம்பில் சூடு தாங்கும் பசை வைக்க வேண்டும். பஞ்சு, மரம் எதுவும் புகைபோக்கியை ஒட்டி இருக்கக் கூடாது.

சேலம், அஸ்தம்பட்டி

ஐயா, பரண் இல்லாத கான்கிரீட் வீட்டில் இது பொருந்துமா?

ஏற்காடு, நாகலூர் சாலை

அஸ்தம்பட்டி நண்பருக்கு: மேலே வெறும் தளம் என்றால் இந்த வேலை இல்லை. உங்களுக்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சுதான் முதலில் பலன் தரும்.

மஞ்சக்குட்டை அக்காவுக்கு: நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினேன். எங்கள் சமையலறையில் அம்மாவுக்காக ஒரு விறகடுப்பு இன்னும் இருக்கிறது. அதன் புகைபோக்கி மச்சைத் துளைத்துப் போகும் இடத்தில், நான்தான், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் தெரிந்த உற்சாகத்தில் நுரையை அடித்திருக்கிறேன். குழாயைத் தொட்ட இடத்தில் அது பழுப்பேறி, நகம் பட்டாலே உதிர்ந்தது. கத்தியால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டேன். பஞ்சையும் ஓர் அடி தள்ளி ஒதுக்கியிருக்கிறேன். டவுனில் தகரவேலை செய்பவரிடம் அளவு கொடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை தகடு வரும். அதுவரை அந்த அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். வெந்நீருக்கு என்ன செய்வது என்று கேட்டார். கேஸ் அடுப்பில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, நானே போட்டுத் தருகிறேன்.