புதுப்பிப்பு: ‘மூடுபனியில் முள்ளெலி’ (1975) – நல்ல பிரதியை அடையாளம் காண

சோவியத் இயக்குநர் யூரி நோர்ஸ்டைனின் இந்த அசைவூட்டக் குறும்படத்தைப் பற்றிய போன பதிவில், ஓட்ட நேரம் குறைந்திருந்தால் அது வெட்டப்பட்ட பிரதி என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. பிஏஎல் (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறை) டிவிடிக்கு மாற்றும்போது நொடிக்கு 24 சட்டகங்கள் 25 ஆக ஓடும். 10 நிமிடப் படம் 9 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். காட்சி எதுவும் போகாது, இசையின் சுருதிதான் சற்று ஏறும்.

உண்மையான வெட்டு வேறு இடத்தில். அகலத் திரை டிவியில் படம் திரை முழுக்க நிரம்பி, ஓரங்களில் கறுப்புப் பட்டை இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். 4:3 (அகலம்:உயரம்) படத்தை 16:9 ஆக்கியிருப்பார்கள். மேலும் கீழுமாகக் கால்வாசி காலி.

அடுத்து, பனிக்குள் குதிரை தெரியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மெல்லிய தாளைப் படத்தின்மேல் வைத்து, சட்டகம் சட்டகமாகக் கேமராவை நோக்கி உயர்த்தி உருவாக்கிய பனி அது. அதிகம் சுருக்கிய கோப்பில் அந்த வெண்மை கட்டம்கட்டமாக உடைந்திருக்கும். கோப்பு 1080பி என்று சொல்லிக்கொண்டாலும் பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) குறைவென்றால் இதே கதிதான். (கூர்மையூட்டிய பிரதிகள் இன்னும் மோசம், பனிக்கே விளிம்பு வந்துவிடும்!)

வட்டு வாங்குபவர்கள் மண்டலக் குறியையும் (எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் எண் அல்லது எழுத்து) வசன மொழிகளையும் முதலில் பாருங்கள்.