ஸ்டார் பிஷ்சுக்கு 'கடல்வெள்ளி' சரிவருமோ?

எல்லாருக்கும் வணக்கம். ரீச்சர் கடல் சீவன்களுக்குத் தமிழ்ப் பேர் கேட்டது ஆறாம் வகுப்புச் சுவர்ப்படத்துக்கு, திங்கட்கிழமை அச்சுக்குக் குடுக்க வேணுமாம், அதால சண்டையில்லாததுகளை முதல் முடிப்பம். ஸ்குவிட், கட்டில்பிஷ் ரெண்டும் கணவாய். ஜெலிபிஷ் சொறிமுட்டை. சீ கியூகம்பர் கடலட்டை, அட்டை வேற இனமெல்லோ எண்டு தம்பி கேட்டது சரிதான், ஆனா அது வெள்ளரிக்காயும் இல்லைத்தானே, தீவுப்பகுதி முழுக்கப் புழங்குற சொல்லை நாங்கள் மாத்த ஏலாது.

இனி ஸ்டார் பிஷ். 'நட்சத்திர மீன்' வேண்டாம் எண்டுறதுக்கு எனக்கு வடமொழி காரணமில்லை. அதுக்குச் செவுள் இல்லை, செட்டை இல்லை, முள்ளந்தண்டு இல்லை, கடல்தண்ணியை உடம்புக் குழாயளுக்க ஓடவிட்டுச் சின்னச் சின்னக் கால்களால ஊருற சீவன், ஆங்கிலத்திலயே இப்ப கனபேர் சீ ஸ்டார் எண்டுதான் எழுதினம். கூழுக்க நண்டும் இறாலும் கணவாயும் போடுற எங்கட சனம் அதுகள் ஒண்டையும் மீன் எண்டு சொல்லுறேல்லை, பிறகேன் பள்ளிக்கூடத்தில போய்ப் பிள்ளையள் அதை மீன் எண்டு படிக்க வேணும்?

ஐயா, நீங்கள் சொன்ன 'உடுமீன்' வடிவான சொல், உடு எண்டால் நட்சத்திரம், மறுக்கேல்லை. ஆனா பழந்தமிழில மீன் எண்டாலே வானத்து மீனும்தான், அருந்ததியை வடமீன் எண்டவை, அப்ப உடுவும் மீனும் ஒண்டுதான், ஒரே பொருளை ரெண்டுதரம் சொல்லுறம். உடு வடமொழியிலயும் கிடக்கு, சந்திரனை உடுபதி எண்டுறவை. அது இஞ்சயிருந்து அங்க போனதெண்டு நீங்கள் ஒரு பக்கத்துக்கு எழுதினதை முழுக்க வாசிச்சனான், இருக்கலாம், ஆனா பதினொரு வயசுப் பிள்ளைக்கு உடு எண்டால் விளங்காது.

வெள்ளி விளங்கும். யாழ்ப்பாணத்தில வானத்தில மின்னுற எல்லாமே வெள்ளிதான். சென்னையிலயிருந்து எழுதின அண்ணா, அது உலோகம், கிழமை, சுக்கிரன் எண்டு மூண்டு பொருள் தருதே எண்டார். விடிவெள்ளி எண்டால் உங்களுக்கும் விளங்குதுதானே அண்ணா, முன்னால கடல் நிண்டால் ஆர் கிழமையை நினைக்கப்போகினம்? இன்னொண்டு, இந்தச் சொல் வளரும். பிறிட்டில் ஸ்டார் முறிவெள்ளி, பெதர் ஸ்டார் இறகுவெள்ளி, பவளப்பாறையைத் தின்னுற கிரவுண் ஒப் தோர்ன்ஸ் முள்முடிவெள்ளி. நட்சத்திர மீனை வைச்சு இப்பிடிக் கட்டிப் பாருங்கோ, வாய்க்க நிக்காது.

ரீச்சரும் அக்காவும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும் ஓம் எண்டிட்டினம், ஐயா ஒத்துக்கொள்ளேல்லை, அண்ணா பதில் போடேல்லை. படத்தில கடல்வெள்ளி பெரிசாயும் கீழ நட்சத்திர மீன் சின்னனாயும் போடச்சொல்லி எழுதுறன். ஐயாவின்ர மறுப்பு மறுப்பாவே இருக்கட்டும், ஆசிரியர் குறிப்பில உடுமீனையும் சேர்க்கச் சொல்லுறன்.

சீ அர்ச்சின் மட்டும் பாக்கி. 'கடல் முள்ளெலி' எண்டு புத்தகங்களில கிடக்கு, அர்ச்சின் எண்டதும் ஆங்கிலத்தில பழைய காலத்து முள்ளெலிதான், அதை அப்பிடியே தூக்கிப் போட்டிருக்கினம். யாழ்ப்பாணத்தில குருநகர், பாசையூர்ப் பக்கம் ஆராவது இருந்தால் கடல்தொழிலுக்குப் போறவையிட்ட அவை அதை என்னெண்டு சொல்லுறவை எண்டு ஒருக்காக் கேட்டு ஞாயிறுக்குள்ள எழுதுங்கோ.