கலப்பைக்கும் பெட்டிக்கும் ஒரே சிவப்பு வேணும்: தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

அண்ணமாருக்கு வணக்கம். நான் வெல்லாவெளிப் பக்கம். எங்கட உழவு மிசின் (ட்ரக்டர்) மசி பெர்குசன் 240. அப்பா வாங்கின கொக்கிக் கலப்பைக்கும் பின்னால இழுக்கிற பெட்டிக்கும் மிசின்ட சிவப்பிலேயே வீட்டில பெயின்ற் அடிக்கப் போறன். மாரி மழைக்கு முன்னம் முடிக்க வேணும்.

போன வருசமும் அடிச்சன். வயர் பிரஷால மேலால தேய்ச்சுப்போட்டு எனாமல் ரெண்டு பூச்சு. ஒரு போகம் தாங்கல்ல. வெல்டிங் பிடிச்ச மூலையில நகத்தால கிண்டினா அப்பளம் மாதிரிக் கழருது, கீழ துரு. கிறீஸை மண்ணெண்ணெயால துடைச்சதுதான் பிழை, அது எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும். இந்தமுறை சவர்க்காரத் தண்ணியால கழுவி, காயவிட்டு, தின்னரால துடைச்சு, கிரைண்டரால இரும்பு தெரியும்வரை எடுக்கப்போறன்.

என்ர கேள்வி பிறைமரில, அதாவது எனாமலுக்குக் கீழ அடிக்கிற முதல் பூச்சில. போன வருசம் எனாமலுக்குக் கீழ பெட்டிக்கு ரெட் ஒக்சைட், கலப்பைக்கு சாம்பல் நிறம் அடிச்சன். ஒரே பேணிப் பெயின்ற், ரெண்டு சிவப்பாத் தெரியுது! ரெண்டுக்கும் எப்பொக்சி பிறைமர் ஒரே நிறத்தில போட்டாச் சரிவருமா?

எனாமலோட ஹார்ட்னர் (பெயின்ற்றை இறுக வைக்கிற மருந்து) கலந்து பிரஷால அடிச்ச ஆக்கள் இருக்கீங்களா? அது ஸ்பிறேயில மூச்சுக்குள்ள போனா ஆபத்து, வீட்டில சின்னப் பிள்ளைகள். அதால ஸ்பிறே வேண்டாம்.

மண்ணுக்குள்ள போற கொழுவுக்குப் பெயின்ற் நிக்காது, கிறீஸ்தான் பூசுவன்.

கல்முனையில, மட்டக்களப்பு டவுனில மாதிரித் துண்டு காட்டினா நிறம் கலந்து தாற கடை எது? அடிச்சு ரெண்டு போகம் கண்ட ஆக்கள் படமும் போடுங்க.