50,000 துகள் சிமுலேஷன்: நெய்பர் லிஸ்ட் போட்டதும் மொத்த ஆற்றல் ஏறுகிறது

கேள்வி:
லெனார்ட்-ஜோன்ஸ் திரவம் (துகள்கள் மிக அருகில் விலக்கி, சற்றுத் தள்ளி ஈர்க்கும் எளிய மாதிரி), 50,000 துகள்கள். குறைத்த அலகில் (துகளின் அளவு, நிறை, ஈர்ப்பு ஆற்றல் எல்லாம் 1) அடர்த்தி 0.8, வெப்பநிலை 1.0, கட்ஆஃப் (இதற்கு அப்பால் விசையைக் கணக்கிடுவதில்லை) 2.5, டைம் ஸ்டெப் 0.005. துகள்களை நகர்த்துவது வெலாசிட்டி வெர்லே முறையில்; வெப்பநிலையைச் சரிசெய்யும் தெர்மோஸ்டாட் இல்லை, அதனால் மொத்த ஆற்றல் மாறக்கூடாது. எல்லா ஜோடியையும் பார்த்தால் ஸ்டெப்புக்கு 125 கோடி தூரக் கணக்கு, நகரவே மாட்டேன் என்கிறது. அதனால் 2.8 தூரத்துக்குள் இருக்கும் ஜோடிகளை மட்டும் நெய்பர் லிஸ்ட்டாக எடுத்து, 50 ஸ்டெப்புக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். வேகம் வந்துவிட்டது, ஆனால் மொத்த ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினால் ஏற்றம் குறைகிறது, நிற்கவில்லை.

பதில் 1:
டைம் ஸ்டெப் மேல் பழி போடாதீர்கள். பாதியாக்கியபோது 50 ஸ்டெப்பில் துகள் போகும் தூரமும் பாதியானது, அதனால்தான் குறைந்தது. கட்ஆஃபுக்கு மேல் லிஸ்ட்டில் நீங்கள் விட்ட கூடுதல் விளிம்பு 0.3. இரண்டு துகள்கள் எதிரெதிராக வரலாம் என்பதால் ஒன்றுக்கு 0.15 தான் அனுமதி. இந்த வெப்பநிலையில் சராசரி வேகம் சுமார் 1.6, மோதாமல் போனால் 19 ஸ்டெப்பிலேயே 0.15 தாண்டிவிடும், வேகமானவை இன்னும் சீக்கிரம். லிஸ்ட்டில் இல்லாத ஜோடி கட்ஆஃபுக்குள் விசையே இல்லாமல் நுழைகிறது. ஸ்டெப்பை எண்ணாதீர்கள், கடைசியாகப் புதுப்பித்த இடத்திலிருந்து எந்தத் துகளாவது 0.15 நகர்ந்தால் உடனே புதுப்பியுங்கள்.

பதில் 2:
பொட்டென்ஷியலை (ஜோடியின் ஆற்றலை) கட்ஆஃபில் பூஜ்யமாகும்படி ஷிஃப்ட் செய்தீர்களா? 2.5-இல் அதன் மதிப்பு -0.0163. அப்படியே வெட்டினால் ஜோடி எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் அந்த அளவு குதிக்கும். கட்ஆஃபுக்குள் 0.0163 கூட்டுங்கள், விசை மாறாது. சராசரி ஆற்றலைச் சொல்லும்போது மட்டும் ஷிஃப்ட்டை நீக்கி, வெட்டுப்பட்ட வாலுக்காக (கட்ஆஃபுக்கு அப்பாலுள்ள ஆற்றலுக்காக) துகளுக்கு சுமார் -0.43 சேருங்கள்.

கேட்டவர்:
இரண்டும் செய்தேன், ஆற்றல் நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு ஸ்டெப்பிலும் லிஸ்ட் புதுப்பிக்கப்படுகிறது!

பதில் 1:
பெட்டிக்குள் மடித்த ஆயத்தொலைவை வைத்து நகர்வை அளக்கிறீர்கள் போல. பெட்டியின் விளிம்பைத் தாண்டிய துகள் எதிர்ப்பக்கம் வைக்கப்படுவதால், பெட்டியின் நீளமான 39.7 தூரம் தாவியதாகத் தெரியும். 50,000 துகளில் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் யாராவது தாண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். மடிப்பதை லிஸ்ட் கட்டும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். இடையில் விசைக்கு மினிமம் இமேஜ் (மற்றத் துகளின் நகல்களில் மிக அருகிலுள்ளதை எடுப்பது) போதும்.

லிஸ்ட்டையும் செல் மூலம் கட்டுங்கள் (பெட்டியைச் சிறு கனங்களாகப் பிரித்து, ஒட்டியுள்ள கனங்களில் மட்டும் தேடுவது): பெட்டியின் ஒரு பக்கத்துக்கு 14 செல், ஒவ்வொன்றும் 2.83, செல்லுக்கு சுமார் 18 துகள். செல் மட்டுமே போதும் என்று விட்டுவிடாதீர்கள். தன் செல்லும் சுற்றியுள்ள 26-ம் சேர்ந்த 27 செல்லின் கன அளவில் 2.8 ஆரக் கோளம் 15 சதவீதம்தான், மீதித் தூரக் கணக்கு வீண். லிஸ்ட்டில் எஞ்சுவது சுமார் 18 லட்சம் ஜோடி.

பதில் 3:
பின்னால் மின்னூட்டம் சேர்ப்பதாக இருந்தால் இந்த கட்ஆஃபை அதற்கும் நீட்டாதீர்கள். மின்னூட்டங்களுக்கு இடையிலான கூலும் விசை தூரத்தோடு மெதுவாகத்தான் தேயும். அதற்கு எவால்ட் அல்லது பார்ட்டிகிள் மெஷ் எவால்ட் (தொலைதூர விசையையும் கணக்கில் சேர்க்கும் முறைகள்).