விமான இன்ஜினில் மோதிய பறவை எது? ரத்தக் கறையும் ஒரு தூவியும்தான் கிடைத்திருக்கிறது

கேள்வி (லைன் பராமரிப்பு): ஃபேன் பிளேடில் காய்ந்த ரத்தம், கொஞ்சம் சதைப்பசை. ஸ்பின்னர் (ஃபேன் நடுவிலுள்ள கூம்பு) இடுக்கில் அரைவிரல் நீளச் சாம்பல் தூவி ஒன்று. இனம் கண்டுபிடிக்க இது போதுமா? எப்படி எடுத்து அனுப்புவது?

பதில் 1: தாராளமாகப் போதும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூவியை முழுசாக எடுங்கள், கத்தரிக்கவே கூடாது. இறகின் அடியிலுள்ள பஞ்சுப் பகுதிதான் நுண்ணோக்கிக்கு வேண்டியது. செலோடேப்பில் ஒட்டினால் அந்த இழைகள் பசையோடு போய்விடும். கறை மீது 70% ஆல்கஹால் தெளித்து, சுத்தமான காஸ் துணியால் துடைத்து, உலரவிட்டு உறையில் போடுங்கள். தண்ணீர் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ப்ளீச் பட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். பலர் இன்ஜினை முதலில் கழுவிவிட்டுத்தான் மாதிரியைத் தேடுகிறார்கள். அதற்குள் எல்லாம் போய்விடுகிறது.

பதில் 2: ஆய்வகத்தில் தூவியை இளஞ்சூடான சோப்புநீரில் அலசி, உலர்த்தி, 100 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் நுண்ணிழைகளின் கணுக்களைப் பார்ப்பார்கள். வாத்து என்றால் இழைநுனிப் பக்கம் முக்கோணக் கணுக்கள். கோழியினத்தில் வளையம் வளையமாக இருக்கும். புறாவுக்கு இதழ் விரிந்த மாதிரி. இதில் பெரும்பாலும் குடும்பம் வரைதான் தெரியும். அதற்குமேல் அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த பறவைகளோடு நிறம், வடிவம் ஒப்பிட வேண்டும். 1960இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்டார்லிங் என்ற சிறு பறவைகளின் கூட்டத்தில் மோதி 62 பேர் இறந்த எலெக்ட்ரா விமான விபத்துக்குப் பின், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இறகு நிபுணர் ராக்ஸி லேபோர்ன் வளர்த்தெடுத்த முறை இது.

பதில் 3: கறைக்கு டிஎன்ஏதான் வழி. இனம் பிரிக்கப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 காரஇணைகளை (டிஎன்ஏ எழுத்துகளை)ப் படித்துத் தரவுத்தளத்தோடு பொருத்துவார்கள். ஆனால் பெரிய கடற்காக்கைகளில் பல இனங்களுக்கு இந்த மரபணு வரிசை ஏறக்குறைய ஒன்றே. அங்கே தூவிதான் கைகொடுக்கும். இரைப்பை கிழிந்திருந்தால் பறவை தின்ற பிராணியின் டிஎன்ஏவும் வரலாம். அதனால் வந்த விடை பொருந்துகிறதா என்று பார்க்க, மோதிய இடம், தேதி, உயரம் மூன்றையும் உறை மேலேயே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: இன்ஜின் உள்ளேயும் சிதறல் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே பையில் போடலாமா?

பதில் 1: கூடாது. இரண்டு பறவைகள் மோதியிருக்கலாம், ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் தனி உறை. எரியறைக்குப் பின்னால் கருகியதில் டிஎன்ஏ மிஞ்சுவது அரிது. ஃபேன், ஸ்பின்னர், முன்பக்க வேன்களில் (சுழலாத தகடுகளில்) இருப்பதை முதலில் எடுங்கள்.