வேலூர் தோட்டப்பாளையம் வீடு (குடும்ப மெசேஜ் குழு): ஞாயிறு மாலை

ஆகஸ்ட் 31, 2025

சேகர் (5.12): நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சென்னையில் ஒரு வங்கி. பிரைவேட் பேங்கிங் பிரிவாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ராஜேஸ்வரி: ஜலகண்டேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். நாளையே அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

நாகராஜன்: வாழ்த்துகள் நித்யா. ஆனால் தனியார் வங்கி என்கிறார்கள், யோசித்துச் செய். நான் 34 வருடம் அரசு வங்கியில் இருந்தவன். 1969-இல் 14 வங்கிகளை எதற்காக அரசுடைமை ஆக்கினார்கள் என்று படித்துப் பார்.

குமரன்: அப்பா, பிரைவேட் பேங்க் வேறு, பிரைவேட் பேங்கிங் வேறு. இது பணக்காரக் குடும்பங்களின் பணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் பிரிவு. அரசு வங்கியிலும் இப்படிப் பிரிவு உண்டு. பத்து வருடமாக உங்கள் மகன் செய்வது இதைத்தான்.

நாகராஜன்: கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "பேங்கில் இருக்கிறான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. இதெல்லாம் புதுத் தொழில்.

குமரன்: புதிதா? ஜெனீவாவில் லம்பார்டு ஓடியே என்ற வங்கி 1796 முதல் இதைச் செய்கிறது. நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் பத்து வருடம் முன்பு.

சேகர்: எவ்வளவு பணம் இருந்தால் உள்ளே விடுவார்கள்?

குமரன்: வங்கிக்கு வங்கி மாறும் சித்தப்பா. கோடிகளில்தான் பேச்சு. போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் என்று ஒரு சேவை, உங்கள் பணத்தை உங்களுக்காக முதலீடு செய்து நிர்வகிப்பது. அதற்கு மட்டும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே குறைந்தது 50 லட்சம் என்று விதித்திருக்கிறது. பலருடைய பணத்தைத் திரட்டி வழக்கமில்லாத முதலீடுகளில் போடும் மாற்று முதலீட்டு நிதி என்றால் ஒரு கோடி.

சேகர்: கடையில் இருக்கும் ஆணி, திருகு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாலும் தேறாது.

நித்யா: குமரன் அண்ணா, நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் பேசினார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

குமரன்: காலையில் பங்குச் சந்தை நிலவரக் கூட்டம். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும். அதற்குப் பிறகு போன்தான். ஐம்பது அறுபது குடும்பங்கள் உன் பொறுப்பில் இருக்கும். ஒருவருடைய மகள் அமெரிக்காவில் படிக்கிறாள், கல்லூரிக் கட்டணம் போக வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதற்கான படிவங்களை நீ பார்க்க வேண்டும். இன்னொருவர் ராத்திரி பதினொன்றுக்குக் கூப்பிட்டு, தம்பி பாகம் கேட்கிறான் என்பார். முதலீட்டைப் பற்றிப் பேசுவது ஒரு நாளில் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனத்தின் தேர்வுகள் எழுத வேண்டியிருக்கும். நீ ஒரு வாரத்தில் முடித்துவிடுவாய்.

நித்யா: சந்தை விழுந்தால்?

குமரன்: 2020 மார்ச் 23. ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது, 13 சதவீதம். அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் நானே கூப்பிட்டேன், அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால். வாணியம்பாடிக்காரர் ஒருவர் மட்டும் "எல்லாவற்றையும் விற்றுவிடு" என்றார். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பணம் அவருடையது, விற்றேன்.

சேகர்: நம் பக்கத்திலிருந்து கூடவா ஆட்கள் இருக்கிறார்கள்?

குமரன்: ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம். தோல் தொழிலில் இருக்கும் காசு வெளியே தெரியாது சித்தப்பா. ஆம்பூரில் ஒரு பெரியவர் ஆறு மாதம் என்னை நடையாய் நடக்கவிட்டார். டீ வரும், பேச்சு வரும், பணம் வராது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பதனிட்ட தோலை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவுவார். முள் கீறியது, உண்ணி கடித்தது எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். ஏழாவது மாதம் கேட்டார்: "தம்பி, இந்த மாதம் உன் பேங்க் எதை விற்கச் சொல்லியிருக்கிறது? முதலில் அதைச் சொல்லிவிடு. அப்புறம் உன் கருத்தைச் சொல்." மறைக்காமல் சொன்னேன். முதல் காசோலை அன்றைக்குத்தான் வந்தது.

சேகர்: அந்தக் கேள்வியை நானும் குறித்துவைத்துக்கொள்கிறேன். சம்பளம் எப்படி?

குமரன்: நல்ல சம்பளம். அதற்கு மேல் வரும் போனஸ், நீ வங்கிக்கு எவ்வளவு வருமானம் கொண்டுவந்தாய் என்பதைப் பொறுத்தது. இலக்கு வைத்துவிடுவார்கள். நிதியாண்டு முடியும் மார்ச் வந்தால் மனிதனாக இருக்க முடியாது.

வசந்தா: உண்மை. மார்ச் மாதத்தில் இவன் குரலையே நான் கேட்டதில்லை.

குமரன்: நித்யா, இதை மட்டும் தெரிந்துகொண்டு போ. 2009 ஆகஸ்டில் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும்போது பிடித்துக்கொண்ட நுழைவுக் கட்டணத்தை செபி எடுத்துவிட்டது. இப்போது அதை விற்பவருக்குக் கமிஷன் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. காப்பீட்டிலோ முதல் வருடமே கனமாக வரும். மார்ச்சில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நீயே கணக்குப் போடு. நானும் ஓடியவன்தான். இந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன்பு சாதாரணக் கிளையில் இருந்தேனே, அப்போது 68 வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பத்து வருடம் பணம் கட்டும் பாலிசியை விற்றேன். மேலாளர் கேக் வெட்டினார். இரண்டாம் வருடம் அவரால் கட்ட முடியவில்லை. கிளைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகராஜன்: இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

குமரன்: கேக் வெட்டியதைச் சொன்னேன் அப்பா.

ராஜேஸ்வரி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

குமரன்: அத்தை, நீங்கள் அழிப்பதற்குள் படித்துவிட்டேன். "எனக்கும் அப்படி ஒரு பாலிசிப் புத்தகம் வந்திருக்கிறது" என்று எழுதினீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள்.

ராஜேஸ்வரி: (படம்)

சேகர்: அக்கா, இதில் காபி டம்ளர்தான் தெரிகிறது.

ராஜேஸ்வரி: (படம்)

குமரன்: வருடம் இரண்டு லட்சம், பத்து வருடம். அத்தை, பென்ஷனில் எப்படிக் கட்டுவீர்கள்?

ராஜேஸ்வரி: எஃப்.டி. முதிர்ந்தது. இதுவும் எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூட வரும் என்றான் அந்த பேங்க் பையன். ஒரு தடவை கட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். உங்கள் அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

நாகராஜன்: நான் எதற்குத் திட்டப்போகிறேன்?

வசந்தா: திட்டுவீர்கள்.

குமரன்: புத்தகம் கைக்கு வந்தது என்றைக்கு?

ராஜேஸ்வரி: ஆடிப்பெருக்குக்கு மறுநாள். முந்தின நாள் சித்ரான்னம் மிச்சமிருந்தது, தபால்காரருக்குக் கொடுத்தேன்.

குமரன்: ஆகஸ்ட் 4. இன்றோடு 27 நாள். பாலிசி கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, இத்தனை நாள் காப்புக்கான சிறு தொகை போக மீதி வந்துவிடும். தபால் உறை இருக்கிறதா?

ராஜேஸ்வரி: காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

குமரன்: தெய்வமே. நித்யா, இன்றிரவே அத்தையின் மின்னஞ்சலிலிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுது. ரத்து செய்யச் சொல்லும் வரிகளை நான் அனுப்புகிறேன். நாளை காலையில் நேரிலும் கடிதம் கொடுக்க வேண்டும். "யோசித்துச் சொல்லுங்கள் மேடம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதே.

ராஜேஸ்வரி: அந்தப் பையன் பொல்லாதவன் இல்லை குமரா. எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது போன் செய்து விசாரித்தான்.

குமரன்: நானும் விசாரித்திருப்பேன் அத்தை.

நித்யா: அத்தை, பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வருகிறேன்.

ராஜேஸ்வரி: ஒன்பதுக்கு வா. முதலில் கோட்டைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனையை முடித்துவிடலாம்.

நித்யா: சரி. அண்ணா, வேலையில் சேர்ந்தால் முதல் மார்ச்சில் உங்களுக்குத்தான் கூப்பிடுவேன்.

குமரன்: மார்ச்சில் நான் எடுக்கமாட்டேன். பிப்ரவரியிலேயே கூப்பிடு.

ராஜேஸ்வரி: இலவம்பாடிக் கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்கினேன். அதில் ஒரு கிலோ அந்தப் பையனுக்கு என்று எடுத்துவைத்தது. நாளைக்குக் கொண்டுபோகலாமா, வேண்டாமா?

நாகராஜன்: கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. பிறகு கத்தரிக்காயைக் கொடு.